ஆள் வரும் முன்னே, பெட்டி வரும் பின்னே

கைக்கடிகாரம் செய்யும் ஓசூரில் நேரத்துக்குப் பஞ்சமில்லை, விமானத்துக்குத்தான் பஞ்சம். பக்கத்துப் பேளகொண்டப்பள்ளியில் ஓடுதளம் உண்டு, அன்றாடப் பயணிகள் விமானம் இல்லை. இமயமலையில் நடக்கப் போகிறவர் முதலில் பெங்களூரு நெரிசலைக் கடந்து தேவனஹள்ளி விமான நிலையம் சேர வேண்டும்.

அங்கே 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் வரிசையாக ரத்தானபோது பெட்டிகள் குவிந்து கிடந்தன. மலையேறக் கிளம்பியவருக்கு முதல் மலை அதுதான்! பெட்டிகளை 48 மணி நேரத்தில் உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி மத்திய அமைச்சகம் உத்தரவிட்டது.

வெளிநாட்டுப் பயணமென்றால் விமானப் பயணத்துக்கான மாண்ட்ரியல் ஒப்பந்தம் இன்னும் தாராளம்: 21 நாள் கழித்தும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொள்ளலாம். அதற்குள் அன்னபூர்ணா மலையையே சுற்றி வந்துவிடலாம், ரப்பர் செருப்போடு.

விவரம் தெரிந்தவர்கள் பூட்ஸைக் காலிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். மருந்தும் மழைக்கோட்டும் தோள்பையில். பெட்டி வரவில்லையா? புகார் எழுதி, அதன் எண்ணை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு நகராதீர்கள்.