படகு ஏறும் பயணம்

மினசோட்டாவின் பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிக்காட்டுக்குள் ஐந்து நாள் துடுப்பு வலிக்கப் போகிறவருக்கு முதலில் தேவை துடுப்பு அல்ல. ஜனவரிக் கடைசியில் முன்பதிவுக்காகக் கணினி முன் காத்துக்கிடக்கும் பொறுமை. மே 1 முதல் செப்டம்பர் 30 வரை எந்த வாசலில், எந்தத் தேதியில் இறங்கலாம் என்பதற்கு அனுமதிச் சீட்டு உண்டு. ஏரிகள் ஆயிரத்துக்கு மேல். நமக்குப் பிடித்ததற்கு மட்டும் சீட்டு தீர்ந்திருக்கும். ஆளில்லாத இடம் தேடி இவ்வளவு ஆள்!

ஒரு குழுவில் 9 பேர்தான். பத்தாவது நண்பரிடம் யார் சொல்வது என்பதிலேயே ஒரு வாரம் போகும்.

பிறகு வரைபடம். ஓர் ஏரிக்கும் அடுத்ததற்கும் நடுவே தரை இருக்கும். அங்கே படகுதான் நம்மேல் ஏறி வரும். அந்தத் தூரத்தை மைலில் போட்டால் எவனும் வரமாட்டான் என்றோ என்னவோ, 'ராடு' கணக்கில் போடுகிறார்கள். ஒரு ராடு 16.5 அடி, ஏறக்குறைய ஒரு படகு நீளம். காபிக் கோப்பையோடு குனிந்து பார்க்கையில் 160 ராடு சின்ன எண்தான். கணக்குப் போட்டால் அரை மைல். மூட்டையை வைத்துவிட்டு, திரும்பி வந்து, படகைத் தூக்கிப் போனால் ஒன்றரை.

எனவே எடையைக் குறைக்க வேண்டும். பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக நறுக்கி, தராசில் வைத்துப் பெருமைப்படுகிறார் நம்மவர். மூட்டையின் அடியில், துணி சுற்றி, வார்ப்பிரும்பு வாணலி படுத்திருக்கிறது.