28ஆம் நாள் வலிமை

கட்டுமானத் துறைப் பெரிய மனிதர்கள் பேசும் எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் ஒரு புலம்பல் கட்டாயம் உண்டு. கல்லூரியில் சொல்லித்தருவதற்கும் சைட்டில் நடப்பதற்கும் சம்பந்தமே இல்லையாம். கல்விக்கும் தொழிலுக்கும் நடுவே பெரிய இடைவெளியாம். மேடையில் உட்கார்ந்திருக்கும் கல்லூரித் தாளாளரும் தலையாட்டுவார். மறுநாள் இரு தரப்பும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும். எனக்கு இதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ்நாட்டில் சிவிலும் கட்டுமான மேலாண்மையும் நடத்தும் கல்லூரிகள்மேல் எத்தனையோ பழி சொல்லலாம். இந்தப் பழி மட்டும் அநியாயம். சைட்டுக்கு என்ன தேவையோ அதை அச்சுப் பிசகாமல் சொல்லிக்கொடுத்துத்தான் பிள்ளைகளை அனுப்புகிறார்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரு ரெக்கார்டு நோட்டைத் திறந்து பாருங்கள். கான்கிரீட் லேபில் கியூப் போடுவது ஒரு பயிற்சி. 150 மில்லிமீட்டர் அச்சுக்குள் எண்ணெய் தடவ வேண்டும். கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, அடுக்குக்கு 35 தடவை கம்பியால் குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். 7ஆம் நாள் மூன்று, 28ஆம் நாள் மூன்று என்று வெளியே எடுத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு தாங்கியது என்று எழுத வேண்டும். எம்20 கான்கிரீட் என்றால் 28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். இந்த ஒரு எண்ணை நம்பித்தான் நாட்டில் மாடிமேல் மாடி ஏறுகிறது.

நடப்பது என்ன? முப்பது பேர் கொண்ட பேட்ச்சுக்கு இரண்டே கியூப். சிமென்ட், ஹாஸ்டல் கட்டியபோது மிஞ்சி, மழையில் நனைந்து கட்டிதட்டிப் போன மூட்டை. செவ்வாய்க்கிழமை லேப் என்றால் அடுத்த செவ்வாய்க்குள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் இன்டர்னல் மார்க் காலி. ஆகவே 28 நாளில் வர வேண்டிய வலிமை ஏழே நாளில் வந்து சேர்ந்துவிடும். எங்கிருந்து? சீனியர் ரெக்கார்டிலிருந்து. அவருக்கு அவருடைய சீனியரிடமிருந்து. பரம்பரைச் சொத்து மாதிரி கைமாறி வரும் எண்கள். "அப்படியே அடிக்காதடா, கொஞ்சம் மாத்திப் போடு" என்று லேப் அண்ணனே கனிவோடு சொல்லித்தருவார். 27.1, 26.4, 27.8. மூன்றும் ஒன்றாக இருந்தால் சாருக்கு உறுத்தும். ரொம்ப விலகினால் திருப்பி எழுதச் சொல்வார். எந்தக் கியூப்பும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்குமேல் விலகக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதி. பொய்யையும் அந்த 15 சதவீதத்துக்குள் அடக்கிச் சொல்லப் பையன் பத்தொன்பது வயதிலேயே பழகிவிடுகிறான். தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

சொல்லித்தருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆள், இயந்திரம், பொருள் ஆகிய வளங்களை வீணாக்காமல் பயன்படுத்துவது கட்டுமான மேலாண்மையில் ஒரு தனி அத்தியாயம். 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. ஒரே பேராசிரியர் ஒரே சமயத்தில் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியிருந்தார்கள். அண்ணா பல்கலைக்கழகமும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டது: 189 பேர் சுமார் 2,000 இடங்களை நிரப்பியிருக்கிறார்கள். சராசரியாக ஆளுக்குப் பத்து இடம். சிவில் மட்டுமல்ல, எல்லாத் துறையிலும்தான். ஆனாலும் வளப் பயன்பாட்டை இவ்வளவு கச்சிதமாகச் செய்துகாட்டியதற்கு மேலாண்மைத் துறை அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். அங்கே படித்தவன் சைட்டுக்குப் போய், மஸ்டர் ரோலில் நாற்பது ஆள், தளத்தில் பதினெட்டு ஆள் என்று பார்த்தால் திகைக்கவா போகிறான்? அட, நம்ம காலேஜ் மாதிரியே இருக்கிறதே என்று மனம் குளிர்வான்.

திட்டமிடல் பேப்பரும் அப்படித்தான். பெர்ட் என்கிற முறையை அமெரிக்கக் கடற்படை 1958இல் போலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கியது. ஒரு வேலைக்கு மூன்று காலக்கெடு: எல்லாம் நல்லபடி நடந்தால் இத்தனை நாள், வழக்கமாக இத்தனை நாள், கெட்ட காலமாக இருந்தால் இத்தனை நாள். நடுவிலிருப்பதை நாலால் பெருக்கி, மூன்றையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். மாணவன் அம்புக்குறி போட்டு, வட்டம் போட்டு, கிரிட்டிக்கல் பாதையைச் சிவப்பு மையில் வரைந்து பதினாறு மார்க் வாங்குகிறான். நாலாவது காலக்கெடு ஒன்று உண்டென்று யாரும் சொல்வதில்லை. அது திறப்பு விழாத் தேதி. அதை மந்திரியின் உதவியாளர் போனில் சொல்வார். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். தாங்கல்களுக்கு நடுவே நாலரை மீட்டருக்குமேல் இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கலாம்; ரிப்பன் வெட்ட வருகிறவர் முட்டுக்குள் குனிந்து வருவாரா? கிரிட்டிக்கல் பாதையும் அம்புக்குறியில் இல்லை. பில் ஃபைல் எந்த மேஜையிலிருந்து எந்த மேஜைக்குப் போகிறது, எந்த மேஜையில் எத்தனை சதவீதம் இறங்குகிறது, அதுதான் பாதை. ஒரு மேஜையில் நின்றால் மொத்த வேலையும் நிற்கும். கிரிட்டிக்கல் என்பதன் இலக்கணமே அதுதானே.

இனி சைட். படித்து முடித்தவனுக்கு மாதம் பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ. அவன் மேற்பார்வை பார்க்கும் கொத்தனார் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாமல் வாங்குகிறார். வெயிலில் நின்று உடம்பைக் கரைக்கிறவருக்கு அதுவே காணாது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்தச் சம்பளத்துக்கு ஆள் சேர்த்துவிட்டதை 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று பஸ்ஸின் பின்பக்கம் விளம்பரம் போடுகிறார்களே, அந்த வாயைத்தான் சொல்கிறேன்.

தளம் போடும் நாள். ரெடிமிக்ஸ் லாரி டிராஃபிக்கில் மாட்டி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்து சேர்கிறது. கலவை இறுகத் தொடங்கிவிட்டது. மேஸ்திரி டிரைவருக்குக் கண் காட்டுகிறார். ஹோஸ் டிரம்முக்குள் போகிறது. புதுப்பையன் ஓடி வருகிறான்.

"மேஸ்திரி, தண்ணி வுடக் கூடாது!"

"இறங்க வேணாமா சார்? பம்ப் அடைச்சுக்கிட்டா நீங்களா வந்து பைப்பைக் கழட்டுவீங்க?"

தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்று ஏப்ரம்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1918இலேயே சோதித்துச் சொல்லிவிட்டார். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்றால் விகிதம் 0.5. பையனுக்கு எல்லாம் மனப்பாடம். இறுகும் கலவையைத் தண்ணீரில்லாமல் இளக்க ரசாயனம் இருக்கிறது என்பதும் தெரியும். அந்த ரசாயனம் பில்லில் இருக்கிறது, சைட்டில் இல்லை. அவன் புராஜெக்ட் மேனேஜரைப் பார்க்கிறான். மேனேஜர் வாட்ஸ்அப் பார்க்கிறார். மேஸ்திரியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அடைத்துக்கொண்டால் அவருக்குத்தான் கூலி பிடிப்பார்கள்.

அதே சைட்டின் மூலையில் கியூப் போடத் தனியாக ஒரு சட்டிக் கலவை தயாராகிறது. சிமென்ட் தாராளம், தண்ணீர் அளவோடு, கம்பிக் குத்து எண்ணி முப்பத்தைந்து. ஏப்ரம்ஸ் பார்த்தால் ஆனந்தக் கண்ணீர் விடுவார். 28ஆம் நாள் அது பாஸாகும். எந்த சைட்டிலும், எந்தக் காலத்திலும் பாஸாகும். அந்தக் கியூப்புக்குள்தான் யாரும் குடியிருக்கப் போவதில்லையே.

இதன் விளைச்சலை நாடு பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. விழுப்புரம் தளவானூரில் தென்பெண்ணையாற்றுக்குக் குறுக்கே 25 கோடி ரூபாய்க்கு ஒரு தடுப்பணை. 2020இல் கட்டி முடித்தார்கள். 2021 ஜனவரியிலேயே சுவர் போனது. அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபடியும் உடைந்தது. தண்ணீரைத் தடுப்பதுதான் அதன் ஒரே உத்தியோகம். தண்ணீர் வந்ததால் போய்விட்டது என்றார்கள். 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் சுவரில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. குடிசையிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்த ஜனங்கள்தானே, அவர்களுக்கு இது போதும் என்று எவனோ ஒருவன் மனதுக்குள் கணக்குப் போட்டிருக்கிறான். 2024 செப்டம்பரில் திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில் 16 கோடி ரூபாய்ப் பாலம் திறந்தார்கள். டிசம்பரில் ஆறு அதை எடுத்துக்கொண்டு போனது. எதிர்பாராத வெள்ளமாம். சாத்தனூர் அணை 1958ஆம் ஆண்டிலிருந்து அதே ஆற்றில், அந்தப் பாலத்துக்கு மேலே நிற்கிறது. அணை திறந்தால் கீழே தண்ணீர் வரும் என்பது இன்னும் எந்த செமஸ்டரில் வருகிற பாடம்? ஆட்சி மாறியிருக்கிறது, கொடி மாறியிருக்கிறது, கலவை மாறவில்லை.

சென்னை மௌலிவாக்கத்துக்கு எந்த வெள்ளமும் வரவில்லை. 2014 ஜூன் 28, சனிக்கிழமை சாயங்காலம், மழை. கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கோபுரம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அதில் நிறையப் பேர். இடி விழுந்தது என்றது கட்டிய தரப்பு. தடுப்பணைக்கு வருணன், அடுக்குமாடிக்கு இந்திரன். கான்ட்ராக்டர் மட்டும் நிரபராதி. பக்கத்தில் நின்ற இன்னொரு கோபுரத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவியில் நேரலை. தூண்கள் எந்த வரிசையில் வெடிக்க வேண்டும், எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஒவ்வொன்றையும் கணக்குப் பார்த்துச் செய்தார்கள். இடிப்பதற்குப் பட்ட பாட்டைக் கட்டும்போது பட்டிருந்தால் அந்த 61 பேரும் ஊருக்குப் போயிருப்பார்கள். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் எத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன! அவற்றில் எத்தனை கல்லூரி, மௌலிவாக்கம் ஏன் விழுந்தது என்று ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தது? பரீட்சைக்கு வராது, ஆகவே வகுப்புக்கும் வராது.

விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பதும் எழுதாத சட்டம். உதவிப் பொறியாளர் இடைநீக்கம். அவர் கையெழுத்து எம்.புக்கில் இருக்கிறது, அகப்பட்டுக்கொள்வார். எம்.புக் என்பது நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம். அரசு வேலையில் பணம் அதைப் பார்த்துத்தான் பட்டுவாடா. சதவீதம் வாங்கியவர்களுக்கு எந்தப் புத்தகத்திலும் பக்கம் கிடையாது. அவர்கள் ஆறுதல் சொல்லப் போவார்கள், நிவாரணக் காசோலை கொடுப்பார்கள், மறுகட்டுமானத்துக்கு டெண்டர் விடுவார்கள். இடைநீக்கம் ஆனவர், பரபரப்பு ஓய்ந்த கொஞ்ச காலத்தில், வேறொரு மாவட்டத்தில் மறுபடி நாற்காலியில் உட்காருவார்.

அங்கே ஒரு வாய்க்கால் சுவர். மண்ணுக்குள் போன அடித்தளம் டிராயிங்கில் மூன்றடி. தோண்டியது எவ்வளவு என்று தோண்டிய ஜேசிபிக்குத்தான் தெரியும். மேலே மண்ணும் மூடியாகிவிட்டது. உதவிப் பொறியாளர் எம்.புக்கைப் பைக் சீட்டின்மேல் விரித்து வைத்துப் பேனாவைத் திறக்கிறார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நிற்பவன், போன மே மாதம் முதல் வகுப்பில் தேறி, கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்த பையன். டேப்பைக் கீழே வைக்கக்கூட அவன் குனியவில்லை.

"எவ்வளவு போடணும் சார்?"