ஹேண்டில் ஆட்டவியல்: ஓர் அறிமுகம்

1. துணிபு

பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் ஆடுகிறது என்ற உண்மையை அதன் உரிமையாளர்தான் கடைசியாகத் தெரிந்துகொள்கிறார் என்பது இக்கட்டுரையின் துணிபு. முதலில் தெரிந்துகொள்பவர் யார் எனின், வண்டியை இரவல் வாங்கிப் போகும் மைத்துனர். "மாமா, ஹேண்டில் ஆடுது" என்று சொல்லிக்கொண்டே அவர் சாவியைத் திருப்பித் தருகிறார். "ஆடுதா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நேத்துகூட செங்கல்பட்டு போயிட்டு வந்தேன்" என்கிறார் உரிமையாளர். இரண்டும் ஒரே வண்டியைப் பற்றிய கூற்றுகள், இரண்டும் மெய். ஒன்றையொன்று மறுக்கும் கூற்றுகள் இரண்டும் மெய்யாவது எங்ஙனம்? அதுவே இவண் ஆராயப்படுகிறது.

2. எல்லை

திருவொற்றியூரில் உருவான புல்லட், மைசூரிலிருந்து வந்த யெஸ்டி, 1985-ல் அறிமுகமாகி 1996-ல் நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100, 1994-ல் வந்த ஸ்ப்ளெண்டரின் முதல் தலைமுறை ஆகியவையும், இவற்றோடு வைத்து எண்ணத்தக்க பிற முதிய வண்டிகளும் இவ்வாய்வில் அடங்கும். மொபெட்டுகள் விலக்கப்பட்டன. அரிசி மூட்டையும் இளநீர்க் குலையும் ஏற்றிய நிலையில் ஆடுவது ஹேண்டிலா, சரக்கா, ஓட்டுபவரா என்று பிரித்தறிய இயலாமையே காரணம்.

3. முன்னோர் கண்டவை

இத்துறையின் முன்னோடிக் கட்டுரை ஒன்றை 1899-ல் இங்கிலாந்தின் விப்பிள் எழுதினார். ஓடும் மிதிவண்டி ஏன் சாய்ந்துவிடுவதில்லை என்பதை அவர் சமன்பாடுகளாக வடித்தார். அவற்றில் ஹேண்டிலும் ஃபோர்க்கும் சேர்ந்து விறைப்பான ஒரே பொருள். அது வண்டியின் கழுத்தில் எள்ளளவும் ஆட்டமின்றித் திரும்புகிறது. ஆசிரியர் பழைய வண்டி ஓட்டியதற்கான அகச்சான்று கட்டுரையில் இல்லை என்பது இதனால் பெறப்படும்.

அமெரிக்காவின் டேட்டன் நகரில் தம்பியோடு சைக்கிள் கடை நடத்திய வில்பர் ரைட் நம் துணிபுக்கு இன்னும் நெருங்கி வந்தவர். இடப்பக்கம் திரும்ப நினைப்பவர் முதலில் ஹேண்டிலை வலப்பக்கம் சற்றே தள்ளுகிறார், தள்ளுவதை அவரே அறிவதில்லை என்று அவர் கவனித்தார். எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டால், ஓட்டத் தெரிந்தவர்களே தவறாகத்தான் விடை சொன்னார்களாம். கை செய்வது தலைக்குத் தெரிவதில்லை என்னும் இக்கண்டுபிடிப்புக்குப் பிறகு அவர் விமானத்தின் பக்கம் போய்விட்டார். ஹேண்டில் ஆட்டவியலுக்கு அது பேரிழப்பு.

மூன்றாமவர் சுவீடன் நாட்டு உலோகவியலாளர் பிரினெல். கெட்டியான எஃகுக் குண்டை உலோகத்தின்மேல் அழுத்தி, விழும் குழியின் அளவைக் கொண்டு அந்த உலோகத்தின் கடினத்தைக் கணக்கிடும் முறையை 1900-ல் உலகுக்குச் சொன்னார். அதே சோதனையை நம் ஊர் வேகத்தடைகள் ஒவ்வொரு வண்டியின் கழுத்திலும் நாள்தோறும் செய்து வருகின்றன. குழியை அளப்பதற்குத்தான் ஆளில்லை.

4. வகைப்பாடு

ஆட்டம் மூவகைப்படும்.

முதலாவது கிளாம்ப் ஆட்டம். 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹேண்டில் குழாயை மேலும் கீழுமாக இரண்டு அரைவட்டக் கிளாம்புகள் கவ்விப் பிடிக்கின்றன. போல்ட் தளர்ந்தாலோ கவ்வும் இடம் வழுவழுத்துப் போனாலோ, பள்ளத்தில் இறங்கும்போது ஹேண்டில் முழுவதும் முன்னால் உருளும். பிரேக் லீவர் தரையைப் பார்க்கும், கண்ணாடிகள் வானத்தைப் பார்க்கும். உரிமையாளர் ஒரு கையால் அதை மேலே தூக்கிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்.

இரண்டாவது புஷ் ஆட்டம். சில வண்டிகளில் ஹேண்டிலைத் தாங்கும் பகுதிக்கு அடியில், என்ஜின் அதிர்வு கைக்கு ஏறாமலிருக்க ரப்பர் புஷ் வைத்திருப்பார்கள். வெயிலும் வயதும் சேர்ந்து ரப்பரைப் பொடியாக்கிவிட்டால், ஹேண்டில் முன்னும் பின்னும் அசைந்துகொடுக்கும். இது உயிருக்கு உடனே உலை வைப்பதில்லை. ஆயினும் கிளாம்பை எத்தனை முறை முறுக்கினாலும் தீராது.

மூன்றாவதும் தலையாயதும் கோன் செட் ஆட்டம். ஃபோர்க்கின் தண்டு வண்டியின் கழுத்துக்குள் புகும் இடத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கிண்ணங்கள். அவற்றில் கிரீஸில் புதைந்த எஃகுக் குண்டுகள். வண்டி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நேராகப் போவதிலேயே கழிப்பதால், குண்டுகள் எப்போதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கின்றன. பள்ளமும் மேடும் அந்த இடத்திலேயே அவற்றைக் குத்துகின்றன. காலப்போக்கில் ஒவ்வொரு குண்டும் தனக்கென ஒரு குழி தோண்டிக்கொள்கிறது. பிறகு ஹேண்டிலை எப்பக்கம் திருப்பினாலும் நடுவில் வந்து 'டொக்' என்று உட்காரும்.

தளர்ச்சி ஒன்றே குற்றம், இறுக்கம் குணம் அன்றோ எனின், அன்று. தளர்ந்த கழுத்துள்ள வண்டி வேகத்தில் ஹேண்டிலை உதறும். பிரேக் பிடித்தால் முன்புறம் தடதடக்கும். அளவுக்கு மேல் இறுக்கிய கழுத்தோ மெதுவாகப் போகும்போது வண்டியை நேராக விடாது. ஓட்டுபவர் ஓயாமல் இடமும் வலமும் திருத்திக்கொண்டே போக வேண்டும். இரண்டும் பிணியே.

5. களப்பணி

தரவு ஒரு சாலையோர மெக்கானிக் கடையில் திரட்டப்பட்டது. சென்டர் ஸ்டாண்டு போட்டதும் கடைப்பையன் சொல்லாமலேயே பின்சீட்டின் கடைசியில் ஏறி அமர்ந்தான். முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. மெக்கானிக் குந்தியிருந்து ஃபோர்க்கின் இரண்டு அடிக்கால்களையும் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார், தள்ளினார். 'டக்' என்று கழுத்திலிருந்து ஓர் ஒலி. எழுந்து, ஹேண்டிலின் நுனியைச் சுட்டுவிரலால் மட்டும் தள்ளினார். அது பாதிவழி வந்து நின்றுகொண்டது.

"குழி விழுந்துடுச்சு சார். கோன் செட் மாத்தணும்."

"இப்போதைக்கு டைட் வெச்சுக் குடுங்களேன்."

"டைட் வெச்சா நடுவுல சரியா இருக்கும். வளைவுல திரும்பாது. பரவாயில்லையா?"

இவ்வினாவில் முழு இயந்திரவியலும் அடங்கியுள்ளது. குண்டுகள் குழிக்குள் இருக்கும் நிலையில் ஆட்டம் போகும்வரை இறுக்கினால், குழியை விட்டு ஏறும்போது இறுக்கம் மிகும். ஹேண்டில் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளும். ஆயினும் 'டைட் வைத்தல்' நம் நாட்டில் மிகப் பரவலான சிகிச்சை. கிளாம்ப் ஆட்டத்துக்குக் கூல்டிரிங்ஸ் டின்னை வெட்டி உள்ளே சுற்றும் முறையும், பழைய சைக்கிள் டியூப் வைக்கும் முறையும் இதனோடு ஒத்த பழைமை உடையவை. டின் சில காலம் நிற்கும். டியூப் கவ்வுவதுபோல் காட்டிப் பள்ளத்தில் கைவிடும்.

கழுத்து நட்டைத் திருப்ப அதற்கென்றே வளைந்த ஸ்பேனர் உண்டு. இருப்பினும் ஆய்வுக்கு வந்த நட்டுகளின் விளிம்பில் உளியும் சுத்தியலும் பதித்த வெட்டுகளே காணப்பட்டன. கல்வெட்டு ஆய்வாளர் எழுத்தமைதி கொண்டு காலத்தைக் கணிப்பதுபோல், வெட்டின் ஆழத்தையும் துருவையும் கொண்டு அவ்வண்டி எத்தனை மெக்கானிக்குகளின் ஆட்சிக்குட்பட்டது என்று கணிக்கலாம்.

6. சிகிச்சை

மாற்றுவதே முறை. ஹெட்லைட், கேபிள்கள், ஹேண்டில், முன்சக்கரம், ஃபோர்க் எல்லாம் கழன்ற பிறகே கழுத்து தெரியும். பழைய கிண்ணங்களை எதிர்ப்புறத்திலிருந்து நீண்ட கம்பி விட்டு, இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு எனச் சமமாகத் தட்டி இறக்க வேண்டும். புதிய குண்டுகளைக் கிரீஸ்தான் இடத்தில் பிடித்துவைக்கும். மேலே எத்தனை, கீழே எத்தனை என்று எண்ணிப் போடுவது நன்று. கடைவாசலில் சாக்கடை இருந்தால் எண்ணுவது கட்டாயம்.

குண்டே வேண்டாம் என்பாருக்கு டேப்பர் பேரிங் உண்டு. அமெரிக்காவின் டிம்கன் 1898-ல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. குண்டு கிண்ணத்தைத் தொடுவது ஒரு புள்ளியில். உருளை தொடுவது ஒரு கோட்டில். சுமை பரவுவதால் குழி எளிதில் விழாது.

நட்டை முறுக்கும் அளவு யாது எனின்: ஃபோர்க்கை இழுத்தால் 'டக்' வரக் கூடாது, சக்கரம் மேலே இருக்க, ஹேண்டிலை லேசாகத் தொட்டுவிட்டால் அது தன் எடையிலேயே இருபுறமும் விழ வேண்டும். புதிய கிண்ணம் படிந்து உட்கார்ந்த பின் மறுபடி ஒருமுறை பார்த்து முறுக்க வேண்டும். 'ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க' என்று மெக்கானிக் சொல்வது உபசார வார்த்தை அன்று.

7. முடிவுகள்

வேலை முடிந்த வண்டியை ஓட்டிப் பார்த்த உரிமையாளர் முகம் சுளித்தார். "என்னமோ மாதிரி இருக்கு. முன்ன இருந்த மாதிரி இல்லையே." துணிபு இதனால் நிறுவப்பட்டது. ஆட்டம் ஒரே நாளில் வந்திருந்தால் அவர் அன்றே கடைக்குப் போயிருப்பார். நாளுக்கு நாள் மயிரிழை அளவில் அது வளர, அவர் கையும் மயிரிழை அளவில் அதற்கு ஈடுகொடுத்தே வந்திருக்கிறது. இப்போது ஆட்டம் போய்விட்டது; ஈடுகொடுக்கும் கை மட்டும் மிச்சம். மைத்துனரின் கையில் அந்தப் பயிற்சி இல்லை. ஆகவே இரு கூற்றும் மெய் என்றவாறு.

8. பரிந்துரை

ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தம் வண்டியை இரவல் தருக. வாங்குபவர் வாய் திறந்து குறை சொல்லும் இயல்பினராதல் வேண்டும். மரியாதைக்கு அஞ்சி 'வண்டி சூப்பரா இருக்கு' என்பவர் ஆய்வுக்கு உதவார். பெட்ரோல் போடாமல் திருப்பித் தந்தால் அதை ஆய்வுக் கட்டணமாகக் கொள்க.

9. மேலாய்வுக்குரியது

கோன் செட் மாற்றிய மறுநாள் முதல், ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்தால் மட்டும் ஹாரன் தானாக அடிப்பது ஏன் என்பது இன்னும் விளக்கப்படவில்லை. மெக்கானிக்கிடம் கேட்டால், "அது வயரிங் சார். எலெக்ட்ரீஷியனைப் பாருங்க" என்கிறார். எலெக்ட்ரீஷியனோ, "கழுத்துல கை வெச்சது யாரு? அவர்கிட்டயே கேளுங்க" என்கிறார். துறைகளின் எல்லை இத்தனை துல்லியமாக எந்தப் பல்கலைக்கழகத்திலும் வகுக்கப்பட்டதில்லை.