குதிகாலில் தொடங்கியது

காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் குதிகாலில் சுருக்கென்று ஒரு வலி. நாலு எட்டு நடந்தால் போய்விடும். சும்மா இருந்திருக்கலாம், கைப்பேசியைக் கேட்டேன். யூரிக் அமிலம், பருப்பைத் தொடாதே என்றது முதல் பக்கம். பருப்பால் ஒன்றும் ஆகாது, தக்காளியைத் தொடாதே என்றது அடுத்தது. மூன்றாவது என்னை எலும்புப் புற்றுநோய் வரை கூட்டிப்போய், அங்கேயே ஒரு மூலிகைத் தைலத்தைப் பாதி விலைக்கு நீட்டியது. சாம்பாரும் ரசமும் போனபின் சோற்றை எதோடு பிசைவது என்று மட்டும் எவரும் எழுதவில்லை.

1889-இல் வெளிவந்த ஜெரோம் கே. ஜெரோமின் படகுப் பயணக் கதையில் ஒருவர், பிரிட்டிஷ் மியூசியத்தில் மருத்துவப் புத்தகம் புரட்டி, வீட்டு வேலைக்காரிகளுக்கு வரும் முழங்கால் வீக்கம் தவிர மற்றெல்லா நோயும் தனக்கு இருப்பதாக முடிவுகட்டுவார். அவருக்காவது அகரவரிசையில் வந்தது. நமக்கு விளம்பர வரிசை.

2024 மே மாதம், தினம் ஒரு சிறு கல்லாவது தின்னலாம் என்றது கூகுளின் செயற்கை நுண்ணறிவு. ஆதாரம், ‘தி ஆனியன்’ என்ற நையாண்டிப் பத்திரிகை. (இந்தக் குறிப்பையும் யாராவது மருந்துச்சீட்டாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.)

கடைசியில் மருத்துவரிடம் போனேன். பாதத்தை அழுத்திப் பார்த்தார். “சவ்வு அழற்சிதான். மெத்தென்ற செருப்பு போடுங்க, கெண்டைக்காலை நீட்டிப் பழகுங்க. சில மாசம் ஆகும்” என்றார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னது சரிதானா என்று தேடினேன். தைலம் இப்போது ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.