பசியா, பாடமா?

மாட்ரிட்டுக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். இங்கே ராத்திரிச் சாப்பாடே 10 மணிக்குத்தான்! முதலில் ஸ்பானிஷைப் பழகுவதா, பசியைப் பழகுவதா?

பசியைப் பழகுங்கள், ஸ்பானிஷ் பின்னாலேயே வரும். அந்த ஊர்க் கடிகாரமே இடம் மாறியதுதானே? 1940-இல் ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி அதை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனி நேரத்தோடு சேர்த்தது. இன்றுவரை பழைய நேரத்துக்குத் திரும்பவில்லை. சூரியன் பிந்துகிறது, சாப்பாடும் பிந்துகிறது!

ஒன்று மட்டும் செய்யுங்கள். சாப்பிட்டதும் எழுந்துவிடாதீர்கள். தட்டு காலியான பிறகும் மேசையிலேயே உட்கார்ந்து நெடுநேரம் பேசுவது ஸ்பெயின்காரர்களின் வழக்கம். பாடப்புத்தகத்தில் கிடைக்காத ஸ்பானிஷ் அங்கேதான் பரிமாறப்படுகிறது. தப்பும் தவறுமாகவே பேசுங்கள். சிரித்துக்கொண்டே திருத்துகிறவர்தான் அந்த ஊரில் உங்கள் முதல் நண்பர்.