எட்டாம் அலகு எங்கே?

கல்லூரிகளுக்குத் தரச் சான்று தரும் நாக் குழு வருகிறது என்றால் போதும், கல்லூரிக்குள் ஒரே ராத்திரியில் காடு முளைத்துவிடும். நர்சரியில் வாடகைக்கு எடுத்த குரோட்டன்ஸ் தொட்டிகள் முதல்வர் அறைவரை அணிவகுக்கும். ‘நீடித்த வளர்ச்சிக்கான கல்வி’ என்று ஃபிளக்ஸ் ஏறும். பிளாஸ்டிக்தான், ஆனால் எழுத்து பச்சை! நாக் மதிப்பீட்டின் ஏழாவது அளவுகோலுக்கு 1000-க்கு 100 மதிப்பெண். அதில் பசுமைத் தணிக்கைக்கும் பங்குண்டு. விட்டுக்கொடுக்க நிர்வாகம் என்ன தர்மசத்திரமா நடத்துகிறது?

குழு கிளம்பியதும் தொட்டிகளும் கிளம்பிவிடும். சுற்றுச்சூழல் பாடம் மட்டும் போக வழியில்லாமல் நிற்கும். சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1991-இல். பட்டப் படிப்புக்கு யுஜிசி பொதுப் பாடத்திட்டம் கொடுத்தது 2003-இல். அதன் எட்டாம் அலகு களப்பணி: பக்கத்தில் மாசடைந்த ஓர் இடத்தை மாணவர் நேரில் பார்த்து எழுத வேண்டும் என்றது.

அதற்கு பஸ் பிடிக்கவே வேண்டாம். விடுதிக் கழிவுநீர் எந்த ஏரியில் விழுகிறது, எந்த வாய்க்காலைத் தூர்த்துக் கட்டடம் எழும்பியது என்பதெல்லாம் பல வளாகங்களில் பின்வாசலைத் திறந்தாலே தெரியும். அதனால்தான் அது திறப்பதில்லை. ஜெராக்ஸ் கடையில் போன வருடக் களப்பணி ரெக்கார்டு கிடைக்கிறது. பெயரை மாற்றினால் மார்க் முழுசு. கம்பெனிக்காரன் இன்டர்வியூவில் கேட்காத தாளுக்கு இதற்குமேல் என்ன மரியாதை? பிளேஸ்மென்ட் பயிற்சிக்கு நேரம் போதவில்லை என்றால் முதல் பலி இந்த வகுப்புதான்.

அரசும் உத்தமர் வேஷம் போட வேண்டாம். 2017-இல் கனரா வங்கியோடு சேர்ந்து ஹெஃபா என்ற உயர்கல்விக் கடன் நிறுவனத்தைத் தொடங்கி, மானியம் கேட்டவரிடம் கடன் பத்திரத்தை நீட்டியது யார்? பத்தாண்டு தாண்டிய மத்தியத் தொழில்நுட்ப நிறுவனங்கள் அசல் முழுவதையும் சொந்த வருமானத்திலிருந்தே அடைக்க வேண்டுமாம். வருமானம் என்றால் மாணவர் கட்டணம், இல்லாவிட்டால் கம்பெனி புராஜெக்ட். ஆலைக் கழிவைச் சோதிக்க வேண்டிய பேராசிரியர் அதே ஆலை வாசலில் புராஜெக்ட் கேட்டு நின்றால், அறிக்கையில் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

கல்வித் தந்தையரே, இந்தச் சுற்றுச்சூழல் பாடம் உங்களுக்குப் புரியவில்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்களைவிட நன்றாகவே புரிந்திருக்கிறது. இதை ஒருவர் ஒழுங்காக நடத்தி, ஒரு மாணவி ஒழுங்காகப் படித்தால், கலெக்டர் ஆபீஸில் அவள் கொடுக்கும் முதல் மனு உங்கள் மேல்தான். அதனால்தானே அதை இரண்டு மார்க் கேள்வியாக நறுக்கி வைத்திருக்கிறீர்கள்?