கல் எடையைக் கழித்துச் சொல்லு!

எந்த நகையைப் பார்த்தாலும் என் பெரியம்மாவுக்கு முதலில் வரும் கேள்வி, ‘எத்தனை சவரன்?’ அது பக்கத்து வீட்டு மருமகளின் கழுத்தில் கிடந்தாலும் சரி, இங்கிலாந்து மன்னரின் தலையில் இருந்தாலும் சரி.

லண்டன் டவரில் புனித எட்வர்ட் கிரீடத்தின் முன்னாலும் அதையேதான் கேட்டார். “இரண்டு கிலோவுக்கு மேல பெரியம்மா. 250 சவரனுக்குக் குறையாது” என்றேன்.

“கல் எடையைக் கழிச்சிட்டுச் சொல்லுடா.”

22 காரட் என்றதும் முகம் மலர்ந்தது. “நம்ம 916!”

கிரீடங்களுக்கு முன்னால் யாரும் நின்றுவிடக் கூடாது என்று தரையிலேயே நகரும் பெல்ட் போட்டிருக்கிறார்கள். பெரியம்மா அசரவில்லை. பெல்ட் முன்னால் இழுக்க, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் நடந்தார். உலகமே நகர்ந்துகொண்டிருக்க, பெரியம்மா மட்டும் கிரீடத்துக்கு நேரெதிரே நிலையாக நின்றார். பின்னால் வந்த ஜப்பானியத் தம்பதி அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். படம் எடுக்கக் கூடாதாம். வாட்ஸப்பில் அனுப்ப முடியாத நகையை எதற்குப் பார்க்க வேண்டும் என்று அதற்கும் ஒரு முணுமுணுப்பு.

1661-ல் செய்த இந்தக் கிரீடத்தில் 1911 வரை நிரந்தரமாகக் கற்களே கிடையாது. முடிசூட்டு விழாவுக்கு வாடகைக்குக் கல் வாங்கிப் பதிப்பார்கள். முடிந்ததும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இதைச் சொன்னதும் பெரியம்மாவுக்கு அரச குடும்பத்தின் மேல் திடீரென்று ஒரு பாசம். “உன் சித்தி கல்யாணத்து ஒட்டியாணமும் இரவல்தான். வெளியில சொல்லிடாதே.”

அடுத்தது கோகினூர். 1849-ல் ஆங்கிலேயர் பஞ்சாபைப் பிடித்துக்கொண்டு, அதன் பத்து வயது மன்னர் துலீப் சிங்கிடமிருந்து ஒப்பந்தம் போட்டு வாங்கிய கல். 1851 லண்டன் கண்காட்சியில் வைத்தபோது, போதுமான அளவு மின்னவில்லை என்று ஜனங்கள் உதட்டைப் பிதுக்க, மறு வருஷமே பட்டை தீட்டக் கொடுத்தார்கள். 186 காரட் 105.6 ஆனது.

பெரியம்மா விரல் விட்டு எண்ணினார். “நூத்துக்கு நாப்பத்து மூணு சேதாரமா!” 15 சதவீதம் என்றாலே செருப்பைத் தேடுகிறவர் அவர். கண்ணாடிக்குள் மின்னிய கல்லைவிட, காணாமல் போன 80 காரட்தான் அவரை உறுத்தியது. “பொடியை யாரு வச்சிக்கிட்டா?”

பேச்சை மாற்ற கர்னல் பிளட் கதையை எடுத்தேன். 1671-ல் அந்த எட்வர்ட் கிரீடத்தைச் சுத்தியலால் தட்டி நசுக்கி, அங்கிக்குள் மறைத்துக்கொண்டு ஓடியவன். கூட்டாளி முடிசூட்டு விழாவின் தங்க உருண்டையைக் கால்சட்டைக்குள் போட்டுக்கொண்டான். கோட்டையைத் தாண்டுமுன் பிடிபட்டார்கள். இரண்டாம் சார்லஸ் மன்னரோ பிளட்டை மன்னித்ததோடு, அயர்லாந்தில் நிலமும் கொடுத்தார். ஏன் என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

“அந்த ராஜாவுக்குப் பணமுடை உண்டா?”

“எப்பவுமே உண்டு பெரியம்மா.”

“அப்புறம் என்ன? வீட்டு நகையை வீட்டுக்காரனே ஆள் வச்சுத் தூக்கினா, யாருடா கேஸ் போடுவா?”